உப்பளமும் சிறுநீரகமும்

பெருமுக்கல் குன்றுக்குக் கிழக்கே, மரக்காணக் கடற்கரையில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. பாத்திகளில் உவர்நீரை வற்றச் செய்து உப்பை விளைவிக்கும் வெயில், அங்கு உழைப்போரின் உடல்நீரையும் வற்றச் செய்கிறது.

குருதியைத் தூய்மை செய்து கழிவை அகற்றும் உறுப்பு சிறுநீரகம். உடலில் நீர் குறையின், அதற்குச் செல்லும் குருதியும் குறைகிறது. நாள்தோறும் இவ்வாறு நேரின் அது பழுதுறக்கூடும்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள், 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரை ஆராய்ந்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரிடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. கழிப்பிடம் இன்மையால் பெண்கள் நீர் அருந்தாது தாகத்தை அடக்குவதும் உண்டு.

நிழலும், குடிநீரும், இடையிடையே ஓய்வும், கழிப்பிடமும் அமைந்தால் இத்தீங்கைக் குறைக்கலாம். நம் உணவிற்குச் சுவையூட்டுவோரின் உடல்நலம் காப்பது நம் கடன் அன்றோ!