புத்தகக் கிரிக்கெட்

புத்தகக் கிரிக்கெட் என்பது ஒரு புத்தகத்தின் பக்க எண்களைக் கொண்டு துடுப்பாட்டப் போட்டியைப் பாவனையாக நடத்தும் விளையாட்டு ஆகும். தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல பகுதிகளில் பள்ளி மாணவர்கள் இதனை விளையாடுகின்றனர். பேச்சு வழக்கில் இது புக் கிரிக்கெட் எனப்படுகிறது. மட்டை, பந்து, மைதானம் எதுவும் தேவையில்லை. ஒரு பாடப்புத்தகமும் ஓட்டங்களைக் குறித்துக்கொள்ள ஒரு தாளும் போதுமானவை. அணியில் எவர் பெயரையும் எழுதிக்கொள்ளலாம் என்பதால், வெவ்வேறு காலங்களில் ஆடிய வீரர்களை ஒரே போட்டியில் எதிரெதிராக நிறுத்த முடிகிறது. அவ்வாறு நிறுத்தப்படும் வீரர்களின் உண்மையான திறமை ஆட்டத்தில் வெளிப்படுமாறு செய்வது எப்படி என்பதே இத்தகைய பாவனை விளையாட்டுகளின் முதன்மையான சிக்கல். அமெரிக்காவில் பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தைப் பாவனை செய்தவர்களும் இச்சிக்கலையே எதிர்கொண்டனர்.

விளையாடும் முறை

புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமல் விரித்து, இடப்பக்கத்தின் எண்ணில் கடைசி இலக்கத்தைப் பார்க்க வேண்டும். இடப்பக்க எண் எப்போதும் இரட்டைப்படை எண்ணாக இருப்பதால் 0, 2, 4, 6, 8 ஆகிய ஐந்து இலக்கங்களில் ஒன்றே வரும். 2, 4, 6 ஆகியவை அத்தனை ஓட்டங்களாகக் கொள்ளப்படும். 0 வந்தால் துடுப்பாட்டக்காரர் ஆட்டமிழப்பார். 8 வந்தால் என்ன செய்வது என்பது இடத்திற்கு இடம் மாறுபடும். சிலர் அதனை ஓர் ஓட்டமாகவும், சிலர் வெற்றுப் பந்தாகவும் கொள்வர். இக்கட்டுரையில் 8 என்பது ஓர் ஓட்டமாகக் கொள்ளப்படுகிறது. பத்து விக்கெட்டுகள் விழுந்தவுடன் எதிரணியின் முறை தொடங்கும்.

நன்கு பயன்படுத்தப்பட்ட புத்தகம் பெரும்பாலும் ஒரே இடத்தில் விரியும் இயல்புடையது. ஆகவே நடுநிலையான ஆட்டத்திற்குப் புதிய புத்தகமே ஏற்றது.

நிகழ்தகவு

ஐந்து இலக்கங்களும் சம வாய்ப்புடன் வருவதாகக் கொண்டால், ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் ஆட்டமிழக்கும் நிகழ்தகவு 1/5 ஆகும். அதாவது ஒரு வீரர் சராசரியாக ஐந்தாவது விரிப்பில் ஆட்டமிழப்பார். ஐந்து விரிப்புகளில் கிடைக்கும் ஓட்டங்கள் 2 + 4 + 6 + 1 = 13. எனவே ஒருவரின் ஓட்டச் சராசரி 13 ஆகவும், பத்து விக்கெட்டுகளுக்கான அணியின் சராசரி மொத்தம் 130 ஆகவும் அமையும்.

இங்கே ஒரு குறைபாடு தோன்றுகிறது. தேர்வுத் துடுப்பாட்டத்தில் டொனால்ட் பிராட்மனின் ஓட்டச் சராசரி 99.94. சுனில் கவாஸ்கரின் சராசரி 51.12. சுழற்பந்து வீச்சாளர் பி. எஸ். சந்திரசேகர் 242 விக்கெட்டுகளை வீழ்த்தியவர். ஆனால் அவரது துடுப்பாட்டச் சராசரி 4.07 மட்டுமே. புத்தகக் கிரிக்கெட்டில் இம்மூவருக்கும் சராசரி 13 தான். பெயர்கள் வேறுபடுகின்றன, வீரர்கள் வேறுபடுவதில்லை.

வீரர்களை வேறுபடுத்துதல்

நாணயத்தைச் சுண்டுவதன் மூலம் இக்குறையைப் பெருமளவு நீக்கலாம். 0 வந்தவுடன் ஆட்டமிழப்பு என்று கொள்ளாமல், நாணயம் சுண்டி அதனை உறுதி செய்ய வேண்டும். சுண்டிய எல்லா முறையும் தலை விழுந்தால் மட்டுமே ஆட்டமிழப்பு. ஒரு முறையேனும் பூ விழுந்தால் அது ஓட்டமற்ற பந்து.

ஒரு முறை சுண்டினால் ஆட்டமிழக்கும் வாய்ப்பு பாதியாகிறது; சராசரி 26 ஆகிறது. இரு முறை சுண்டினால் வாய்ப்பு நான்கில் ஒன்றாகி, சராசரி 52 ஆகிறது. இது கவாஸ்கரின் சராசரிக்கு மிக அருகில் உள்ளது. மூன்று முறை சுண்டினால் சராசரி 104. இது பிராட்மனுக்குப் பொருந்தும். சந்திரசேகருக்கு நாணயம் தேவையில்லை. 0, 6 ஆகிய இரண்டையும் ஆட்டமிழப்பாகக் கொண்டால் சராசரி 3.5 ஆகிவிடும்.

இம்முறையிலும் ஒரு பிழை எஞ்சுகிறது. மூன்று நாணய விதியின்படி பிராட்மன் ஓட்டமெதுவும் எடுக்காமல் ஆட்டமிழக்கும் வாய்ப்பு 33-இல் 1 ஆகும். உண்மையில் அவர் 80 ஆட்டங்களில் 7 முறை அவ்வாறு ஆட்டமிழந்தார். களமிறங்கிய தொடக்கத்தில் எந்த வீரரும் எளிதில் வீழக்கூடியவர். நிலைத்த பின்னரே வலிமை பெறுவார். புத்தகமும் நாணயமும் இந்த வேறுபாட்டை அறியா.

தொடராக ஆடுதல்

பல அணிகளைச் சேர்த்துத் தொடராகவும் இதனை ஆடலாம். எடுத்துக்காட்டாக, தேனி மாவட்டத்தின் தேனி, போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஆறு ஊர்களின் பெயர்களில் அணிகள் அமைக்கப்படுவதாகக் கொள்வோம். கம்பம் அணியில் பிராட்மனும், போடி அணியில் கவாஸ்கரும், கூடலூர் அணியில் சச்சின் டெண்டுல்கரும் இடம்பெறலாம். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளுடன் ஒருமுறை மோதினால் மொத்தம் 15 போட்டிகள் நடைபெறும்.

நாணயம் இல்லாத எளிய விதியில் ஒரு போட்டிக்குச் சராசரியாக 100 விரிப்புகள் தேவை. ஆகவே தொடர் முழுவதற்கும் ஏறத்தாழ 1500. அணியின் சராசரி மொத்தம் 130 எனினும், அதன் திட்ட விலக்கம் ஏறக்குறைய 48 ஆகும். அதாவது 82 ஓட்டங்களில் சுருண்டுவிடுவதும் 178 ஓட்டங்கள் குவிப்பதும் வழமைக்கு மாறானவை அல்ல. ஐந்தே போட்டிகளில் ஆடும் அணியின் வெற்றியில் திறமையைவிட நற்பேற்றின் பங்கு மிகுதியாக இருக்கக்கூடும். ஒரே தொடரைப் பலமுறை ஆடிப் பார்த்தால்தான் வலிமையான அணி எது என்பது புலப்படும்.

அமெரிக்காவின் பாவனை அடிபந்தாட்டம்

முன்னாள் அடிபந்தாட்ட வீரரான ஈத்தன் ஆலன் உருவாக்கிய ஆல்-ஸ்டார் பேஸ்பால் 1941-இல் வெளிவந்தது. அதில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வட்டத் தட்டு உண்டு. வீரரின் உண்மையான சாதனைக்கேற்ப அத்தட்டு சிறிதும் பெரிதுமான பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சுழலும் முள் நிற்கும் இடமே ஆட்டத்தின் விளைவு. 1951-இல் ரிச்சர்ட் சைட்ஸ் வெளியிட்ட ஆப்பா, 1961-இல் ஹால் ரிச்மன் வெளியிட்ட ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் ஆகியவை அட்டைகளையும் பகடைகளையும் பயன்படுத்தின. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் ஒரு பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் அடிப்பவரின் அட்டையும், 4 முதல் 6 வரை விழுந்தால் எறிபவரின் அட்டையும் பார்க்கப்படும். இதனால் இருவரின் திறமைக்கும் சம பங்கு கிடைக்கிறது. பழைய பருவங்களின் அட்டைகளைக் கலந்து, வெவ்வேறு காலத்து வீரர்கள் மோதும் தொடர்களை ஆர்வலர்கள் நடத்துகின்றனர்.

காலத் திருத்தம்

புள்ளிவிவரங்களை அப்படியே எடுத்துக்கொள்வது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லலாம். அடிபந்தாட்டத்தில் 1930-இல் தேசிய லீக் முழுவதன் அடிச் சராசரி .303 ஆக இருந்தது. அவ்வாண்டு பில் டெர்ரி.401 எடுத்தார். எறிபவர்களின் ஆண்டு எனப்படும் 1968-இல் அமெரிக்க லீக்கின் சராசரி .230 மட்டுமே. அதில் முதலிடம் பெற்ற கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரி .301. பார்வைக்கு டெர்ரி நெடுந்தொலைவு முன்னணியில் உள்ளார். ஆனால் தம் காலத்துச் சராசரியைப் போல டெர்ரி 1.32 மடங்கும், யாஸ்ட்ரெம்ஸ்கி 1.31 மடங்கும் எடுத்துள்ளனர். எனவே அவ்விரு பருவங்களும் ஏறத்தாழ இணையானவை. எறிபவர் நிற்கும் மேட்டின் உயரம் 1969-இல் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது.

துடுப்பாட்டத்திற்கும் இது பொருந்தும். 1886 முதல் 1896 வரை ஆடிய இங்கிலாந்தின் ஜார்ஜ் லோமன் 112 விக்கெட்டுகளை 10.75 என்ற சராசரியில் வீழ்த்தினார். அக்காலத்து ஆடுகளங்கள் பந்து வீச்சுக்கு மிகவும் சாதகமானவை. இன்றைய வீரருடன் அவரை மோதவிடும் முன், இருவரையும் அவரவர் காலத்தவருடன் ஒப்பிட்டுப் பெற்ற விகிதத்தையே பயன்படுத்த வேண்டும்.

பதிவில் இடம்பெறாதவர்கள்

எந்தக் கணக்கீடும் பதிவில் உள்ளவர்களை மட்டுமே களமிறக்க முடியும். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலூ 1911-ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா தன் முதல் தேர்வுப் போட்டியில் 1932-இல் ஆடியபோது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். சென்னை அணியின் ஏ. ஜி. ராம் சிங், 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக நடந்த முதல் ரஞ்சிக் கிண்ணப் போட்டியில் 11 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். அப்போட்டி ஒரே நாளில் முடிந்தது. அவரும் தேர்வுப் போட்டி எதிலும் ஆடவில்லை. தேர்வுப் போட்டிப் புள்ளிவிவரங்களை மட்டும் கொண்டு அமைக்கப்படும் அணியில் இவ்விருவருக்கும் இடமில்லை.

அமெரிக்காவில் 1947-இல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும் வரை பெரும் லீக்குகளில் கறுப்பின வீரர்கள் பல பத்தாண்டுகளாக விலக்கப்பட்டிருந்தனர். கறுப்பினத்தவரின் நீக்ரோ லீக்குகளில் ஆடிய ஜோஷ் கிப்சன் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே காலமானார். அந்த லீக்குகளின் புள்ளிவிவரங்கள் 2024-இல் அதிகாரப்பூர்வப் பதிவில் சேர்க்கப்பட்டபோது, கிப்சனின் .372 என்ற வாழ்நாள் அடிச் சராசரி அனைவரையும் விஞ்சி முதலிடம் பெற்றது. வீரர் மாறவில்லை, பதிவேடு திருத்தப்பட்டது.

பதிவேட்டைப் பாராத எளிய புத்தகக் கிரிக்கெட்டில் பாலூவும் ராம் சிங்கும் பிராட்மனுக்கு நிகரான வாய்ப்புடன் களமிறங்கலாம்.

இவற்றையும் பார்க்க

துடுப்பாட்டம்
அடிபந்தாட்டம்
நிகழ்தகவு
ரஞ்சிக் கிண்ணம்