மீண்டும் டிஷ்ஷுக்கு மாறலாமா? மழையிடம் கேட்போம்

டெங்கில் வட்டாரத் தாமான்களில் நடந்து போகும்போது வீட்டுக் கூரைகளைக் கவனித்துப் பாருங்கள், மாணவர்களே. சில கூரைகளில் பழைய ஆஸ்ட்ரோ டிஷ் இன்னும் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். ஆனால் அதன் வயர் எதனோடும் இணைந்திருக்காது. அந்த வீட்டார் கண்ணாடி இழைக்கு, அதாவது நாம் ஃபைபர் என்று சொல்லும் இணைப்புக்கு, மாறிவிட்டார்கள். மழை பெய்தால் படம் நின்றுவிடுகிறது என்பதுதான் பலர் மாறியதற்குக் காரணம்.

இப்போது அவர்களில் சிலர் வேறொரு கேள்வி கேட்கிறார்கள். "இணையம் போனால் தொலைக்காட்சியும் சேர்ந்து போகிறதே! பழைய டிஷ்ஷுக்கே திரும்பிவிடலாமா?"

இந்தக் கேள்வி உங்கள் வீட்டில் எழுந்தால், அறிவியல் படிக்கும் பிள்ளை என்று உங்களைத்தான் கேட்பார்கள். பாட்டி பார்க்கும் மாலைத் தொடர், தங்கையின் இணைய வீட்டுப்பாடம், அப்பா கட்டும் மாதக் கட்டணம் எல்லாம் இந்த ஒரு முடிவில் இருக்கின்றன. எனவே இரண்டு வழிகளிலும் படம் எப்படி வருகிறது, எங்கே தடைபடுகிறது என்று முதலில் பார்ப்போம்.

வானத்தில் நிற்கும் தூதர்

1996 ஜனவரியில் மலேசியாவின் முதல் செயற்கைக்கோளான மியாசாட்-1, தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் ராக்கெட் மூலம் ஏவப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பைத் தொடங்கியது. வானவில் அலைவரிசை நம் வீடுகளுக்கு வந்தது அப்படித்தான்.

மியாசாட் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில், ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் பூமியைச் சுற்றிவர எடுக்கும் நேரமும், பூமி தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும் நேரமும் ஒன்றே. அதனால் அது நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிகிறது. டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்துவிட்டால் போதும்.

டெங்கில் முக்கிமில் உள்ள சைபர்ஜெயாவில் மியாசாட் நிறுவனத்தின் தரைநிலையம் இருக்கிறது. அங்கிருந்து மேலே போகும் ஒரு சமிக்ஞை, பக்கத்திலேயே இருக்கும் டெங்கில் கூரைக்கு வந்துசேர ஏறத்தாழ 72,000 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். ஒளியின் வேகத்தில் இதற்கு ஏறத்தாழ 0.24 நொடி ஆகும்.

கடைசி ஐந்து கிலோமீட்டர்

இவ்வளவு நீண்ட வழியில் தொல்லை எங்கே? வெற்றிடத்தில் இல்லை. அங்கே அலை பரவி விரிந்து வலுவிழக்கும். ஆனால் அது எப்போதும் ஒரே அளவில் நடப்பதால், அதற்கேற்பவே டிஷ்ஷின் அளவைத் தீர்மானித்திருக்கிறார்கள். தொல்லை தருவது கடைசி ஐந்து கிலோமீட்டர்தான்.

டெங்கிலிலிருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் தலைக்கு மேலே, சற்று மேற்கு-தென்மேற்காகச் சாய்ந்து, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 77 பாகை உயரத்தில் இருக்கிறது. நம் நாட்டில் மழைத்துளிகள் உருவாகி விழும் அடுக்கு தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரம் வரை இருக்கும். அலை அந்த அடுக்கைக் கடந்துதான் உங்கள் கூரைக்கு வர வேண்டும்.

வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலை கே.யு. பட்டையைச் சேர்ந்தது. அதிர்வெண் ஏறத்தாழ 12 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 2.5 சென்டிமீட்டர். பெருமழையின் துளிகள் 5 மில்லிமீட்டர் வரை பருத்திருக்கும். அலைநீளத்தோடு ஒப்பிடும்போது இந்தத் துளி சிறியதே. ஆனாலும் அலையின் ஆற்றலில் ஒரு பகுதியை உறிஞ்சவும் சிதறடிக்கவும் இந்த அளவு போதும்.

எவ்வளவு குறையும்? இதை அளக்கும் அலகு டெசிபல். 3 டெசிபல் குறைந்தால் ஆற்றல் பாதியாகும். 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 டெசிபல் குறைந்தால் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதம் கொட்டும் மழையில், 12 கிகாஹெர்ட்ஸ் அலை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 5 டெசிபல் இழக்கிறது. அப்படிப்பட்ட மழை வழியில் நான்கு கிலோமீட்டருக்கு இருந்தால் 20 டெசிபல் போய்விடும். டிகோடர் தாங்கக்கூடிய எல்லையை இது தாண்டிவிடுகிறது. படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு நின்றுபோகும்.

நான்கு கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் சி பட்டை அலைக்கு அதே மழையில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல்கூட இல்லை. ஆனால் அதைப் பிடிக்க மிகப் பெரிய டிஷ் வேண்டும். சிறிய டிஷ்ஷில் படம் பார்க்கும் வசதிக்கு நாம் கொடுக்கும் விலைதான் மழைநேரத் தடை. கனமழை மிகுந்த மண்டலங்களில் மலேசியாவும் ஒன்று என்பதால், ஐரோப்பாவைவிட இங்கே அந்த விலை கூடுதல்.

கண்ணாடிக்குள் ஓடும் ஒளி

இப்போது ஃபைபரைப் பார்ப்போம். தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழைக்குள் அகச்சிவப்பு ஒளி போகிறது. இழையின் மையப் பகுதியின் ஒளிவிலகல் எண், அதைச் சுற்றியுள்ள உறையைவிடச் சற்று அதிகம். அதனால் ஒளி வெளியே தப்பாமல் முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து உள்ளேயே செல்கிறது. இயற்பியல் பாடத்தில் வரும் அதே தத்துவந்தான் இது.

ஆனால் கண்ணாடி ஒளியை உறிஞ்சிவிடாதா? 1960-களில் இருந்த கண்ணாடி கிலோமீட்டருக்கு 1,000 டெசிபல் அளவுக்கு ஒளியை விழுங்கியது. குறை கண்ணாடியில் இல்லை, அதில் கலந்துள்ள மாசுகளில்தான் என்று 1966-இல் இங்கிலாந்தில் ஆய்வு செய்த சார்ல்ஸ் காவ் எடுத்துக்காட்டினார். அதற்காக 2009-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய தரமான இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபல் மட்டுமே.

இப்போது கணக்குப் போடுங்கள். 5-ஐ 0.2-ஆல் வகுத்தால் 25. அதாவது ஒரு கிலோமீட்டர் பெருமழையைக் கடக்கும்போது டிஷ் அலை இழப்பதும், 25 கிலோமீட்டர் கண்ணாடியைக் கடக்கும்போது ஒளி இழப்பதும் ஒரே விகிதம்! மண்ணுக்கடியில் ஓடும் இழைக்கு மேலே எவ்வளவு மழை பெய்தாலும் கவலையில்லை.

அப்படியானால் ஃபைபருக்கே வெற்றியா?

அவசரப்படாதீர்கள். ஃபைபருக்கு வேறொரு பலவீனம் உண்டு. மண்வாரி இயந்திரம் ஓரிடத்தில் தோண்டும்போது இழையை அறுத்துவிட்டால், அதை நம்பியிருக்கும் எல்லா வீடுகளிலும் இணைப்பு போய்விடும். மழை விட்டதும் டிஷ் தானாகவே சரியாகிவிடும். அறுந்த இழை தானாக ஒட்டிக்கொள்ளாது. ஆள் வந்து, இடத்தைக் கண்டுபிடித்து, இரு முனைகளையும் உருக்கி இணைக்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. செயற்கைக்கோள் ஒரே அலையைப் பெர்லிஸ் முதல் சபா வரை தெளிக்கிறது. எத்தனை வீடுகள் பார்த்தாலும் அதற்குச் சுமை கூடாது. செம்பனைத் தோட்டத்தின் உட்பகுதியில் இருக்கும் ஒற்றை வீட்டுக்கும் படம் கிடைக்கும். ஃபைபர் அங்கே போக வேண்டுமானால் அந்த வீடு வரை கம்பிவடம் இழுக்க வேண்டும். வீட்டுக்குள்ளும், ஓர் உயர்தரப் படம் இணையத்தில் நொடிக்கு 5 மெகாபிட் அளவு இடம் பிடிக்கும். இணைப்பு மெதுவானதாக இருந்தால் தங்கையின் இணைய வகுப்பும் பாட்டியின் தொடரும் ஒன்றையொன்று இடிக்கும்.

செயற்கைக்கோளுக்கும் ஆயுள் உண்டு. மியாசாட்-3 2006-இல் ஏவப்பட்டது. 2021 ஜூனில் அதில் கோளாறு ஏற்பட்டு, தன் இடத்திலிருந்து நகர்ந்துபோனது. சேவைகளை மற்ற செயற்கைக்கோள்களுக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2022 ஜூனில் மியாசாட்-3டி ஏவப்பட்டது. அவ்வளவு உயரத்துக்கு ஆள் அனுப்பிப் பழுதுபார்க்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆக, டிஷ் அடிக்கடி தடைபடும், ஆனால் கொஞ்ச நேரம்தான். ஃபைபர் எப்போதாவதுதான் தடைபடும், ஆனால் நீண்ட நேரம். எது சிறந்த தொழில்நுட்பம் என்று கேட்டால் பதில் கிடைக்காது. நம் வீட்டுக்கு எந்தத் தடை அதிகத் தொல்லை என்று கேட்க வேண்டும்.

ஒரு கணக்கு

ஒரு மாதத்தில் 12 முறை மழை பெய்து, ஒவ்வொரு முறையும் டிஷ் 15 நிமிடம் நின்றது என வைத்துக்கொள்வோம். மொத்தம் 180 நிமிடம், அதாவது 3 மணி நேரம். அதே நேரத்தில் ஃபைபர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறுந்து, இரண்டு நாள் போனது என வைத்துக்கொள்வோம். 48 மணியை மூன்றால் வகுத்தால் மாதத்துக்கு 16 மணி. எண்ணைப் பார்த்தால் டிஷ்தான் மேல்.

ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் வருகிறது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இது மிகுதி. அந்த 15 நிமிடம் பாட்டியின் தொடர் நேரத்திலேயே விழுந்தால், 3 மணி நேரம் என்ற எண் பாட்டிக்கு ஆறுதல் தராது. இரவு பத்து மணிக்கு மேல்தான் தொலைக்காட்சி பார்ப்பீர்கள் என்றால் மாலை மழை உங்களை அவ்வளவாகப் பாதிக்காது.

செய்து பாருங்கள்

1. நான்கு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் தடைகளைக் குறியுங்கள்: நாள், நேரம், எத்தனை நிமிடம், அப்போது மழையா, யார் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டில் ஃபைபர் மட்டும் இருந்தால், டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு நண்பரோடு சேர்ந்து செய்யுங்கள்.

2. டிஷ்ஷுக்குத் திரும்பும் முன், பழைய டிஷ் அசைந்திருக்கிறதா என்று நிறுவுநரைப் பார்க்கச் சொல்லுங்கள். 60 சென்டிமீட்டர் டிஷ் ஏறத்தாழ 1.5 பாகை விலகினாலே சமிக்ஞை பாதியாகிவிடும். நீங்கள் கூரையில் ஏற வேண்டாம்.

3. இப்போதுள்ள ஒப்பந்தம் எப்போது முடிகிறது, இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அப்பா அம்மாவோடு சேர்ந்து படியுங்கள்.

4. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு யு.எச்.எஃப். ஆன்டெனா இருப்பது நல்லது. 2019 அக்டோபர் 31-இல் நாடு முழுதும் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்ட பின், இலவச டிஜிட்டல் ஒளிபரப்பு அந்த அலையில்தான் வருகிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ அரை மீட்டர். மழைத்துளி அதை ஒன்றும் செய்யாது. வெள்ளக் காலத்தில் செய்தி பார்க்க இது உதவும்.

நான்கு வாரம் கழித்து நோட்டுப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வையுங்கள். குடும்பத்தோடு சேர்ந்து முடிவெடுங்கள். பாட்டியையும் கேட்க மறவாதீர்கள்.