திறன்பேசிப் பூட்டு: பாதுகாப்பும் பயன்பாட்டு எளிமையும்

திறன்பேசிப் பூட்டு என்பது, உரியவர் அல்லாத ஒருவர் திறன்பேசியின் திரையைத் திறந்து அதிலுள்ள தரவுகளைப் பயன்படுத்தாமல் தடுக்கும் ஏற்பாடு ஆகும். பின் எண், கடவுச்சொல், பேட்டர்ன் எனப்படும் கோட்டு வடிவம், கைரேகை, முக அடையாளம் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. வங்கிச் செயலி, மின்னஞ்சல், ஓடிபி வரும் சிம் அட்டை மூன்றும் இன்று ஒரே கருவியில் இருப்பதால், திறந்து கிடக்கும் திறன்பேசி திறந்து கிடக்கும் பணப்பெட்டிக்குச் சமம். ஆனால் ஒரு நாளில் பலமுறை திறக்க வேண்டிய கருவி இது. பூட்டு தொல்லையாகிவிட்டால் பயனர் அதை நீக்கிவிடுவார்.

4 இலக்க பின் எண்ணில் 10,000 சேர்க்கைகளும், 6 இலக்கத்தில் 10 லட்சம் சேர்க்கைகளும் உண்டு. தவறாக உள்ளிடும்போது கருவி காத்திருக்க வைப்பதால், திருடியவரால் எல்லாவற்றையும் முயன்று பார்க்க இயலாது; 1234, 0000, பிறந்த ஆண்டு போன்ற சிலவற்றைத்தான் முயல்வார். இவற்றையே வைத்திருப்பவருக்கு மேற்கண்ட கணக்கு உதவாது.

ஒன்பது புள்ளிகளில் குறைந்தது நான்கை இணைக்கும் பேட்டர்ன் முறையில் 3,89,112 வடிவங்கள் சாத்தியம். எண்ணிக்கை பெரிது, நடைமுறையோ வேறு. பலரும் மேல் இடது மூலையில் தொடங்கி, எழுத்து வடிவம் ஒன்றை வரைகின்றனர். பேருந்தில் அருகில் இருப்பவர் ஒருமுறை பார்த்தாலே அது மனதில் பதிந்துவிடும். விரல் திரையில் விட்டுச்செல்லும் எண்ணெய்த் தடத்திலிருந்தே வடிவத்தைக் கண்டறிய முடியும் என்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் காட்டினர்.

2013இல் ஐபோன் 5எஸ் கைரேகை உணரியுடன் வந்தது. சில நாட்களிலேயே ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், கண்ணாடிப் பரப்பில் பதிந்த ரேகையைப் படமெடுத்துப் போலி ரேகை செய்து அதைத் திறந்து காட்டியது. ஆனால் சாதாரணத் திருடர் இவ்வளவு மெனக்கெட மாட்டார். முன் கேமராவை மட்டும் நம்பும் மலிவான முக அடையாள முறைகள்தாம் கூடுதல் கவலைக்குரியவை. அவற்றுள் சில ஒளிப்படத்துக்கே ஏமாறக்கூடும்.

கைரேகை வைத்தபின் பின் எண் எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்ற எண்ணம் தவறானது. கருவியை அணைத்து மீண்டும் இயக்கினால், தரவின் மறையாக்கத்தை விடுவிக்கப் பின் எண் கட்டாயம் தேவை. ஐபோனை 48 மணிநேரம் திறக்காமல் வைத்திருந்தாலும் அப்படியே. பின் எண் தெரிந்தவர் தம் விரலையும் அமைப்புகளில் பதிவு செய்துகொள்ளலாம். எனவே பூட்டின் உண்மையான வலிமை பின் எண்ணில்தான் உள்ளது. கைரேகையின் பயன் வேறு: பொது இடத்தில் பின் எண்ணைத் தட்டும் தேவை குறைகிறது, அரிதாகவே தட்டுவதால் அதை நீளமாகவும் வைக்க முடிகிறது.

அமெரிக்காவில் மதுக்கூடங்களில் ஐபோன் கடவுஎண்ணை எட்டிப்பார்த்துவிட்டுக் கருவியைப் பறித்த கும்பல்கள், அந்த எண்ணைக் கொண்டே உரியவரின் ஆப்பிள் கணக்கையும் கைப்பற்றின. இதன் பின்னரே, 2024 சனவரியில், பழக்கமில்லாத இடத்தில் கணக்குக் கடவுச்சொல்லை மாற்ற முக அல்லது விரல் அடையாளமும் ஒரு மணிநேரக் காத்திருப்பும் கோரும் வசதியை ஆப்பிள் ஐஓஎஸ் 17.3இல் சேர்த்தது.

கட்டட வேலை செய்வோர், முதியோர் ஆகியோரின் தேய்ந்த ரேகை சரியாகப் பதிவதில்லை. நியாயவிலைக் கடையில் இந்தச் சிக்கலைப் பலரும் பார்த்திருப்பர். அவர்களுக்கு 6 இலக்க பின் எண்ணே பொருத்தம்.

உடலோடு இருக்கும்வரை பூட்டாமல் விடும் ஆண்ட்ராய்டு வசதி சமையலறையில் உதவும், சந்தையில் உதவாது. கையிலிருந்து பறிக்கப்பட்டாலும் அது திறந்தபடியே இருக்கக்கூடும். தானாகப் பூட்டும் நேரத்தை 30 விநாடியாக வைப்பதில் பெரிய சிரமமில்லை.

பூட்டிய திரையிலேயே குறுஞ்செய்தி தெரியுமானால், ஓடிபியைப் படிக்கத் திருடர் பூட்டைத் திறக்கவே வேண்டாம். அறிவிப்பின் உள்ளடக்கத்தை மறைக்கும் தெரிவு அமைப்புகளில் உண்டு. சிம் அட்டையைக் கழற்றி வேறு கருவியில் போட்டாலும் ஓடிபி வரும். அதைத் தடுப்பது சிம் பூட்டு. அதன் எண்ணை மூன்று முறை தவறாக இட்டால் பியுகே எண் தேவைப்படும். இரத்த வகையையும் உறவினர் எண்ணையும் அவசரத் தகவலில் பதிந்து வைத்தால், விபத்தின்போது உதவ வருபவர் பூட்டைத் திறக்காமலே அவற்றைக் காணலாம்.