டயரின் கருமையும் அதன் மேல் பூசப்படும் பளபளப்பும்

திருநெல்வேலி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 8.7 பாகையில் அமைந்திருப்பதால், சித்திரை பிறப்பதை ஒட்டிய சில நாட்களிலும், ஆவணி நடுவில் மீண்டும் ஒருமுறையும், நண்பகல் சூரியன் ஊரின் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. வெட்டவெளியில் நிறுத்தப்பட்ட காரின் டேஷ்போர்டையும் பம்பரின் மேல்விளிம்பையும் அந்த உச்சி வெயில் நேராகத் தாக்க, டயரின் பக்கவாட்டைக் காலையும் மாலையும் சாய்வெயில் தாக்குகிறது. ஆனி, ஆடி மாதங்களில் வெயிலோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் கிழக்கே இறங்கும் அந்தக் காற்று, குற்றாலத்திற்குச் சாரலையும் முப்பந்தலின் காற்றாலைகளுக்குச் சுழற்சியையும் கொடுத்த பிறகு, சமவெளிக்கு வரும்போது ஈரம் இழந்து புழுதியை மட்டுமே சுமந்து வருகிறது. தாமிரபரணிப் பாசனத்தின் பச்சை வயல்களைத் தாண்டிய அடுத்த கிலோமீட்டரிலேயே செம்மண் பறக்கும் இந்த நிலப்பரப்பில், காரின் கறுப்புப் பாகங்கள் விரைவில் வெளிறிப்போவதில் வியப்பில்லை. அந்த வெளிறலைப் போக்குவதற்காக வாட்டர் சர்வீஸ் கடைகளிலும் வீடுகளிலும் பூசப்படும் திரவமே பொதுவழக்கில் டயர் பாலிஷ் எனப்படுகிறது. அது எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை என்பது டயரின் உள்ளமைப்பை அறிந்தால்தான் விளங்கும்.

ரப்பர் இயல்பில் கறுப்பு அன்று. அண்டை மாவட்டமான கன்னியாகுமரியின் மலையடிவாரத் தோட்டங்களில் மரத்தைச் சீவி வடிக்கப்படும் பால் வெண்மையானது. உலர்த்திய தகடு தேன் நிறத்தில் இருக்கும். சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் 1839 ஆம் ஆண்டில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்டறிந்த பிறகே ரப்பர் வெயிலில் ஒட்டாமலும் குளிரில் நொறுங்காமலும் நின்றது. எனினும், தொடக்ககால டயர்கள் வெளிர்நிறத்திலேயே இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கார்பன் பிளாக் எனப்படும் நுண்கரித்தூள் சேர்க்கப்பட்டபோது தேய்மானம் பெரிதும் குறைந்ததோடு, எதிர்பாராத இன்னொரு நன்மையும் கிடைத்தது: சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களை அந்தக் கரி மேற்பரப்பிலேயே விழுங்கிவிடுவதால், அவை ரப்பருக்குள் ஆழமாக இறங்குவதில்லை. இன்றைய கார் டயரின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு இந்தக் கரியே. ஆகவே, புற ஊதாக் கதிரிலிருந்து டயரைக் காக்கும் என்று புட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி ஒரு பூச்சை வாங்குவது, குடை பிடித்திருப்பவருக்கு இன்னொரு குடையை விற்பதற்கு ஒப்பாகும்.

டயருக்கு உண்மையான பகை ஓசோன். வானத்தின் உயரடுக்கில் உயிர்களைக் காக்கும் இந்த வாயு, தரைமட்டத்தில் வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலும் கூடும் இடத்தில் உருவாகிறது. இயற்கை ரப்பரிலும் டயருக்குப் பயன்படும் செயற்கை ரப்பர்களிலும் கார்பன் அணுக்களிடையே இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. ஓசோன் மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் அந்தப் பிணைப்புகளைத் தேடி அறுக்கிறது. இழுவிசையில் இருக்கும் ரப்பர்தான் முதலில் வெடிக்கும் என்பதால், காற்றழுத்தத்தால் எப்போதும் விம்மி நிற்கும் பக்கச் சுவரில், அதாவது தரையைத் தொடாத பக்கவாட்டுப் பகுதியில், மயிரிழை போன்ற கோடுகளாக வெடிப்பு தோன்றுகிறது.

இதைத் தடுக்கும் மருந்தை உற்பத்தியாளர்கள் டயருக்குள்ளேயே வைத்து அனுப்புகிறார்கள். அதில் ஒரு கூறு மெழுகு. டயர் உருளும்போது பக்கச் சுவர் நெளிவதால் அது சிறிது சிறிதாக வெளியே கசிந்து, மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படர்கிறது. மற்றொரு கூறு 6பிபிடி என்ற வேதிப்பொருள். ரப்பரை அறுக்க வரும் ஓசோனைத் தான் முந்திச் சென்று எதிர்கொண்டு, தன்னையே செலவழித்துக்கொள்வது அதன் வேலை. அவ்வாறு செலவழிந்த பிறகு அது பழுப்பு நிறமாகிறது. நன்றாகக் கழுவிய டயரும் சில நாட்களில் பழுப்படைவதற்குப் புழுதி ஒரு காரணம் என்றால், உள்ளிருக்கும் காவல் வேலை செய்துகொண்டிருப்பது மற்றொரு காரணம். பழுப்பைக் கண்டவுடன் டயர் கெட்டுவிட்டது என்று எண்ணிக் கடுமையான கரைப்பான்களால் தேய்ப்பவர்கள், நோயை நீக்குவதாக நினைத்து மருந்தைத் துடைத்தெடுக்கிறார்கள்.

கடைகளில் கிடைக்கும் பூச்சுகள், நிறுவனப் பெயர்கள் எத்தனை இருந்தாலும், அடிப்படையில் இரண்டு வகைகளுக்குள் அடங்கும். முதல் வகை நீரை அடிப்படையாகக் கொண்டது: சிலிக்கோன் எண்ணெயையோ வேறு பாலிமரையோ, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைக் கொண்ட பொருளை, நுண்துளிகளாக நீரில் கலந்து வைத்திருப்பதால், பெரும்பாலும் பால்போல் வெண்மையாகத் தோன்றும். நீர் ஆவியானதும் மெல்லிய படலம் எஞ்சும். பளபளப்பு மிதமாக இருக்கும். மழையில் விரைவில் போய்விடும். இரண்டாம் வகை பெட்ரோலியக் கரைப்பானில் சிலிக்கோனைக் கரைத்தது. தெளிந்த எண்ணெய்போல் இருக்கும், மண்ணெண்ணெயை நினைவூட்டும் வாடை வீசும், எளிதில் தீப்பற்றும் என்ற எச்சரிக்கைக் குறி டப்பாவில் அச்சிடப்பட்டிருக்கும். அது தரும் ஈரப் பளபளப்பு கண்ணைக் கவர்வதும் பல நாள் நிலைப்பதும் உண்மைதான். ஆனால், அதே கரைப்பான் ரப்பரை உப்பச் செய்யவும், மீண்டும் மீண்டும் பூசும்போது உள்ளிருக்கும் மெழுகையும் காப்புப்பொருளையும் கரைத்து வெளியேற்றவும் கூடியது. அந்தப் பளபளப்பின் மேல் புழுதியும் பசைபோல் ஒட்டிக்கொள்வதால், ஆடிக் காற்றில் வள்ளியூர்ப் பக்கம் ஒருமுறை போய் வந்தாலே டயர் முன்னைவிட அழுக்காகிவிடும்.

சிலிக்கோனைப் பற்றிய அச்சம் ஓரளவு மிகையானது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தூய சிலிக்கோன் எண்ணெய் டயரின் ரப்பரோடு வினைபுரிவதில்லை. கெடுதலுக்குக் காரணம் பெரும்பாலும் அதைச் சுமந்துவரும் கரைப்பானே. அதே வேளையில், சிலிக்கோன் படலம் வாயுக்களை எளிதாக ஊடுருவ விடும் தன்மையுடையது என்பதால், ஓசோனுக்கு எதிரான சுவராக அது நிற்காது. எனவே டயருக்குப் பூசும் எந்தப் பூச்சும் முதன்மையாக அழகுக்கானது. உள்ளிருக்கும் காப்பைக் கெடுக்காமல் இருந்தால் அதுவே நல்ல பூச்சு. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நீர் சார்ந்த, மிதமான பளபளப்புடைய வகையே திருநெல்வேலி வெயிலுக்கும் காற்றுக்கும் பொருந்துகிறது.

விலையில்லா மாற்றாகப் பல இடங்களில் டீசலும் மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் ஆயிலும் டயரில் துடைக்கப்படுகின்றன. இது விட்டுவிட வேண்டிய வழக்கம். பெட்ரோலிய எண்ணெய்களை இயற்கை ரப்பர் உறிஞ்சி உப்பி மென்மையாகும். கறுத்து மினுங்கும் அந்தத் தோற்றமே ரப்பர் எண்ணெயைக் குடித்துக்கொண்டிருப்பதன் அடையாளம். தேங்காய் எண்ணெய் டீசலைப் போன்ற கேட்டை விளைவிக்காவிட்டாலும், பிசுபிசுப்பாகிப் புழுதியைச் சேர்த்துக்கொள்ளும். கிளிசரினை நீரில் கலந்து பூசும் பழைய முறை ரப்பருக்குத் தீங்கற்றது. ஒரு மழை பெய்தால் கரைந்து ஓடிவிடும் என்பது மட்டுமே அதன் குறை.

பூசும் வேலையில் முக்கால் பங்கு கழுவுவதே. நிழலில், டயர் கைக்குச் சூடு தெரியாத அளவு ஆறிய பிறகு, டயர் கழுவுவதற்கான சோப்புக் கரைசலைத் தெளித்து, விறைப்பான நைலான் தூரிகையால் தேய்க்க வேண்டும். முதலில் எழும் நுரை பழுப்பாக இருக்கும், அது வெண்மையாக மாறும்வரை இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினால்தான் பழைய பூச்சும் எண்ணெயும் நீங்கியதாகப் பொருள். அழுக்கின் மேல் பூசினால் எந்தப் பூச்சும் நிற்காது. நன்றாக உலர்ந்த பின், திரவத்தை டயரின் மேல் நேரடியாகத் தெளிக்காமல், ஸ்பாஞ்சில் சிறிது எடுத்து, பக்கச் சுவரில் மட்டும் மெல்லியதாகத் தடவ வேண்டும். கால் மணி நேரத்திற்கு மேல் காயவிட்டு, எஞ்சிய ஈரத்தை உலர்ந்த துணியால் துடைத்த பிறகே காரை எடுக்க வேண்டும்; இல்லையெனில் சக்கரம் சுழலும்போது துளிகள் தெறித்து, மட்கார்டுக்கு மேலுள்ள பெயிண்ட் முழுவதும் கரும்புள்ளிகளாகப் படியும். தடித்த ஒரு பூச்சைவிட இடைவெளி விட்ட இரண்டு மெல்லிய பூச்சுகள் நீண்ட நாள் உழைக்கும்.

பூசக்கூடாத இடங்கள் அழகுப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. சாலையைத் தொடும் பட்டன் பகுதியில் பட்டால் பிடிமானம் குறையும். பிரேக் டிஸ்கில் படிந்தால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. மோட்டார் சைக்கிளின் டயரில், திருப்பத்தில் வண்டி சாயும்போது ஓரப் பகுதியும் சாலையைத் தொடுவதால், அதற்குப் பூச்சே கூடாது. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் வீட்டிலுள்ள எல்லா வாகனங்களையும் ஒரே புட்டியால் மினுக்கிவிடும் ஆர்வம் பாராட்டத்தக்கது என்றாலும், இருசக்கர வாகனத்தின் டயரை மட்டும் கழுவியதோடு விட்டுவிட வேண்டும். ஸ்டியரிங்கும் பெடல்களும் இதே விலக்கில் சேரும். டேஷ்போர்டில் பளபளக்கும் பூச்சு பூசினால், உச்சி வெயிலில் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து பாதையை மறைக்கும். அங்கே பளபளப்பற்ற வகையே தகும்.

பெயிண்ட் அடிக்கப்படாத கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களின் கதை வேறு. பம்பரின் கீழ்ப்பகுதியும் சக்கர வளைவின் ஓரப்பட்டையும் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் சார்ந்தவை. இவற்றிலும் கரியும் ஒளி எதிர்ப்பிகளும் சேர்க்கப்படுகின்றன என்றாலும், டயரில் உள்ள அளவு கரி இங்கே இல்லை. உள்ளிருந்து கசிந்து வந்து மேற்பரப்பைப் புதுப்பிக்கும் மெழுகும் இல்லை. ஆண்டுக்கணக்கான வெயிலில் மேற்பரப்பின் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து, நுண்வெடிப்புகளும் தூளும் தோன்றுவதால்தான் அது சாம்பல் நிறமாகிறது. ஆகவே டயரைவிட இந்தப் பாகங்களுக்கே புறக்காப்பு உண்மையில் தேவைப்படுகிறது. மக்கள் செலவழிப்பதோ நேர்மாறாக இருக்கிறது. எண்ணெய்ப்பசையுள்ள பூச்சு அந்த நுண்பிளவுகளை நிரப்பிச் சில வாரங்கள் கருமையைக் காட்டும். உலர்ந்து இறுகிப் படலமாகும் பிசின் அல்லது செராமிக் வகைப் பூச்சுகள் மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் அவற்றைப் பூசுவதற்கு முன் எண்ணெய்ப்பசை ஒரு துளியும் இருக்கக்கூடாது. போர்வெல் நீரில் கழுவி அப்படியே காயவிட்டால், அதிலுள்ள கால்சிய, மக்னீசிய உப்புகள் வெண்திட்டுகளாகப் படிந்து, அவற்றின் மேலேயே பூச்சு இறுகிவிடும். கழுவியவுடன் துணியால் ஒற்றி எடுப்பதே வழி. பெயிண்ட்டுக்குப் போடும் வாக்ஸ் சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் பட்டு வெள்ளையாகத் தங்கிவிட்டால், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் சோப்பு நீரும் போதும்.

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற வகையைச் சேர்ந்தது. அதன் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் ஓசோன் அதைத் தொடுவதில்லை. ஆனால் கிரீசும் டீசலும் அதை உப்பச் செய்யும். சிலிக்கோன் தடவுவதே ஏற்றது. காரைப் பெயிண்ட் பட்டறைக்கு அனுப்பவிருப்பவர்கள் மட்டும், அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே சிலிக்கோன் பூச்சுகளை நிறுத்திவிட வேண்டும்; தகட்டில் அதன் சுவடு இருந்தால்கூடப் புதுப் பெயிண்ட் ஒட்டாமல் மீன்கண் போன்ற குழிகள் விழும்.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பது இந்த ஆற்றங்கரையில் தவிர்க்க முடியாத கேள்வி. நெல்லைக் கால்வாயும் பாளையங்கால்வாயும் குடியிருப்புகளின் ஊடாகவே ஓடி வயல்களுக்குப் போகின்றன. ஆற்றின் படித்துறைகளில் வாகனம் கழுவும் வழக்கமும் மறையவில்லை. டயரைக் காக்கும் 6பிபிடி ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் என்ற பொருளாக மாறுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்கு, சாலையிலிருந்து மழைநீரோடு வந்த அந்தப் பொருளே காரணம் என்பதை 2020 ஆம் ஆண்டின் இறுதியில் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு நிறுவியது. எல்லா மீன்களும் அதற்கு ஒரே அளவில் மடிவதில்லை. ஆயினும், கரைப்பானும் டயர்ப் பழுப்பும் சோப்பும் கலந்த நீரைக் குடிநீர் எடுக்கும் ஆற்றில் விடுவதற்கு நியாயம் எதுவும் இல்லை. நீர்நிலைகளில் மாசுப்பொருளைச் சேர்ப்பதை 1974 ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் விலக்குகிறது. நீரைத் தேக்கி எண்ணெயைப் பிரிக்கும் தொட்டியுள்ள சர்வீஸ் நிலையமே சரியான இடம்.

சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் குடும்பங்களின் கார்கள் சொந்த ஊரில் வேப்பமரத்தடியில் நின்றபடி, கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் மட்டுமே ஓடுவது இந்த வட்டாரத்தில் சாதாரணக் காட்சி. ஓடாத டயர் நெளியாது. நெளியாத டயரில் மெழுகு வெளியே வராது. எனவே பட்டன் தேயாமலே பக்கச் சுவர் வெடிக்கிறது. அத்தகைய காருக்கு வாரம் ஒருமுறை சில கிலோமீட்டர் ஓட்டமும், சக்கரத்தை மறைக்கும் துணி உறையும், சரியான காற்றழுத்தமும் எந்தப் புட்டியையும்விட அதிகம் செய்யும். பூச்சு போட்டு வெடிப்பை மறைத்து வெளியூர்ப் பயணம் புறப்படுவதற்கு முன், பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் இறுதியில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும்: முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பதால், 2316 என்று இருந்தால் அந்த டயர் 2016 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் வார்க்கப்பட்டது. பத்து ஆண்டைத் தொட்ட டயர், வெடிப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், கழற்றப்பட வேண்டியதே. டிக்கியில் ஒருமுறைகூட வெளியே எடுக்கப்படாமல் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.