மைசூரு: பால் பூத் முதல் பறவைத் தீவு வரை

இரு சக்கர ஊர்கள் – 9

மைசூருவைச் சுற்றி ஓடும் வெளிவட்டச் சாலையின் நீளம் சுமார் 42 கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் இருக்கும் பெரும்பாலான வீடுகளிலிருந்து அரண்மனைக்கு ஏழெட்டு கிலோமீட்டருக்கு மேல் இராது. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, பூங்கா, ஏரிக்கரை எல்லாம் இன்னும் பக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 9 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் இது. இந்தியாவின் பெருநகரங்களில் ஒரு குடும்பத்தின் அன்றாடப் போக்குவரத்து ஒரு சைக்கிளின் எல்லைக்குள் அடங்குவது அபூர்வம். மைசூருவில் அது அடங்கும்.

இதற்குக் காரணங்கள் உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் ஊர் இருப்பதால் மார்ச், ஏப்ரல் தவிர மற்ற மாதங்களில் வெயில் கடுமையாக இருப்பதில்லை. தெருக்களில் மேடு பள்ளம் உண்டு. ஆனால் சாமுண்டி மலையை விட்டால் மூச்சு வாங்கும் ஏற்றம் குறைவு. பிளேக் நோய் ஊரை உலுக்கிய பிறகு, 1903-ல் இங்கே நகர மேம்பாட்டு வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. நாட்டின் முதல் நகரத் திட்டமிடல் அமைப்புகளில் ஒன்றான அது, நெருக்கடியான பழைய பேட்டைகளுக்கு வெளியே காற்றோட்டமான குடியிருப்புகளை உருவாக்கியது. அந்தக் குடியிருப்புகளின் நிழல் தரும் உள்தெருக்கள் இன்றைக்கும் சைக்கிளுக்கு ஏற்றவை.

மணியோசையே பெயராக

2017 ஜூன் 4 அன்று மைசூருவில் ‘ட்ரின் ட்ரின்’ என்ற பொதுச் சைக்கிள் திட்டம் தொடங்கியது. சைக்கிள் மணியின் ஓசைதான் பெயர். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாகக் கிடைத்த உலகளாவிய சுற்றுச்சூழல் நிதியின் உதவியோடு கர்நாடக அரசின் நகர்ப்புறத் தரைவழிப் போக்குவரத்து இயக்ககமும் மாநகராட்சியும் இதைக் கொண்டுவந்தன. தொடக்கத்தில் 450 சைக்கிள்கள், 48 நிலையங்கள். ஒரு நிலையத்தில் எடுத்து இன்னொரு நிலையத்தில் விட்டுவிடலாம். இந்தியாவில் இப்படி நகரம் தழுவிய அளவில் வந்த முதல் திட்டம் என்று இது அறியப்படுகிறது.

பேருந்திலிருந்து இறங்கி அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ போகும் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு இத்தகைய திட்டம் மிகவும் உதவும். வாடகைக் கடையில் மணிக்கணக்குப் பார்த்துச் சைக்கிள் எடுத்த தலைமுறைக்கு இது பழகிய ஏற்பாடுதான். ஆனால் பொதுச் சைக்கிள், தனியே போகும் பெரியவருக்காகச் செய்யப்பட்டது. பிள்ளையை உட்கார வைக்க அதில் இருக்கை இராது. சிறுவர் அளவும் இராது. ஆகவே குடும்பத்தின் சைக்கிள் வாழ்க்கை வீட்டில் நிற்கும் சொந்த வண்டியில்தான் தொடங்குகிறது.

முதலில் ஒரு கிலோமீட்டர்

புதிதாகச் சைக்கிள் வாங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை நீண்ட சவாரியைத்தான் முதலில் திட்டமிடுகின்றன. இரண்டு ஞாயிறு போனதும் உடல் வலிக்கும், மழை வரும், விருந்தாளி வருவார். வண்டி மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து நிற்கும். நிலைக்கும் வழி வேறு. ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வேலைகளை, அதாவது காலையில் நந்தினி பால் பூத், மாலையில் மளிகைக் கடை, டியூஷன் போன்றவற்றைச் சைக்கிளுக்கு ஒதுக்கிவிடுவது. பத்து நிமிட வேலைக்கு யாரும் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. அது பழகியதும் மூன்று, நான்கு கிலோமீட்டர் தானாக வரும். சரஸ்வதிபுரத்திலிருந்து தேவராஜா மார்க்கெட்டுக்குப் போய்ப் பூவும் வெற்றிலையும் வாங்கித் திரும்புவது அந்தக் கணக்கில் வரும்.

வயது வந்தவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பும், 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேர உடலுழைப்பும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு கிலோமீட்டர் தூரத்துப் பள்ளிக்குச் சைக்கிளில் போய் வரும் பிள்ளை இதில் பெரும்பகுதியை வழியிலேயே முடித்துவிடுகிறது.

வீட்டில் தாய் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவராக இருப்பது இதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுத் தரப்பட்டது. பல்லாயிரம் பெண்கள் கற்றார்கள். தண்ணீர்க் குடம், விளைபொருள், பிள்ளைகள் எல்லாம் அவர்களுடைய கேரியரில் ஏறின. பேருந்துக்கும் ஆண்களுக்கும் காத்திருந்த நேரம் அவர்களுக்கே திரும்பக் கிடைத்தது.

பிள்ளைகளின் வயதும் வண்டியின் அளவும்

ஒரு வயது நிரம்பாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே கூடாது. கழுத்து அதிர்வைத் தாங்காது. ஹெல்மெட்டின் எடையையும் தாங்காது. அதன் பிறகு நான்கைந்து வயது வரை, வார்ப்பட்டையும் முதுகுச் சாய்வும் கால் வைக்கும் தட்டும் கொண்ட குழந்தை இருக்கை தேவை. பின்னால் பொருத்தும் இருக்கைகள் பொதுவாக 22 கிலோ வரை தாங்கும். நம் ஊரில் வெறும் கேரியரில் பிள்ளையை உட்கார வைத்து ஓட்டும்போது அடிக்கடி நேரும் காயம், கால் சக்கரக் கம்பிகளில் மாட்டிக்கொள்வதுதான். துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் அப்படியே சிக்கும். பின்சக்கரத்தின் இரு பக்கமும் மறைப்பு பொருத்தினால் இந்த ஆபத்து பெரிதும் நீங்கும்.

பெரிய சைக்கிளின் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டுக் கற்றவர்கள் பலர். இன்றைய பிள்ளைக்கு அந்தச் சிரமம் வேண்டாம். சிறிய வண்டியில் பெடல்களைக் கழற்றிவிட்டு, இரு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்கி, காலால் உந்திப் போகச் செய்தால் பேலன்ஸ் முதலில் வந்துவிடும். பெடலைப் பிறகு மாட்டலாம். பக்கச் சக்கரம் போட்டுப் பழகும் பிள்ளை மிதிக்கக் கற்கிறது. சாய்ந்து திரும்பக் கற்பதில்லை.

சக்கர அளவு, உத்தேசமாக 2 முதல் 4 வயதுக்கு 12 அங்குலம், 4 முதல் 6 வயதுக்கு 16, 6 முதல் 9 வயதுக்கு 20, அதன் மேல் 24. வயதைவிட உயரம் முக்கியம். சீட்டில் அமர்ந்தால் இரு கால் விரல்களும் தரையைத் தொட வேண்டும், பிரேக் பிடி விரலுக்கு எட்ட வேண்டும். ‘வளர்கிற பிள்ளைதானே’ என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது சட்டைக்குச் சரி, சைக்கிளுக்கு ஆபத்து.

சாலையில்

குடும்பமாகப் போகும்போது ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். பெரியவர் இருவர் என்றால் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும், பிள்ளைகள் நடுவில். பெரியவர் ஒருவர்தான் என்றால் அவர் பிள்ளைக்குப் பின்னால், சற்று வலப்பக்கமாக வர வேண்டும். அப்போதுதான் பிள்ளை கண்ணில் படும், பின்னால் வரும் வண்டியும் விலகிப் போகும். நிறுத்தி வைத்த கார்களை ஒட்டிப் போகக் கூடாது. கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். ஹேண்டில்பாரில் பையைத் தொங்கவிட்டால் திருப்பும்போது வண்டி இழுக்கும். சுமை கூடையில் அல்லது கேரியரில் இருக்கட்டும். காற்றும் பிரேக்கும் வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். செயினுக்கு எண்ணெய், மழையில் நனைந்த பிறகெல்லாம்.

ஊருக்கு வெளியே

அன்றாடம் ஓட்டிப் பழகிய குடும்பத்துக்கு மைசூருவின் சுற்றுப்புறம் பெரிய செல்வம். முதல் படி குக்கரஹள்ளி ஏரி; மைசூர் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தை ஒட்டியது. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுக் கரையில் நடக்கலாம்.

அடுத்தது ஸ்ரீரங்கப்பட்டணம், சுமார் 15 கிலோமீட்டர். காவிரி இரண்டாகப் பிரிந்து சூழும் தீவு. திருச்சி ஸ்ரீரங்கத்துக்கு மூத்த ஆதிரங்கம் என்று வைணவர்கள் போற்றும் தலம். கோயிலும் கோட்டையும் திப்பு சுல்தானின் தரியா தௌலத் மாளிகையும் சில கிலோமீட்டருக்குள் அடங்குவதால், காரைவிடச் சைக்கிளில் சுற்றுவதே எளிது. போகும் பாதையில் கவனம் வேண்டும். பெங்களூரு – மைசூரு நெடுஞ்சாலையின் பிரதான தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, சைக்கிள் முதலியவற்றுக்கு அனுமதி இல்லை. சர்வீஸ் சாலையைப் பயன்படுத்த வேண்டும். கிராமச் சாலைகள் இன்னும் நல்லவை.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகில் ரங்கன்திட்டு. ஆற்றின் குறுக்கே கட்டிய பழைய அணையால் உருவான சிறு தீவுகளில் பறவைகள் கூடு கட்டுவதைக் கண்ட பறவையியலாளர் சலீம் அலியின் தூண்டுதலால் 1940-ல் இது சரணாலயமானது. 2022-ல் ராம்சார் தலங்களில் இடம்பெற்றது. சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா என்று பிள்ளைகள் பெயர் சொல்லிப் பழகப் பறவைகள் ஏராளம். விடியலில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் சேரலாம். பிள்ளைகளோடு மணிக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, அரை மணிக்கு ஒரு முறை தண்ணீருக்கும் தின்பண்டத்துக்கும் நிற்பது நல்லது.

வளர்ந்த பிள்ளைகளுக்குச் சாமுண்டி மலை. நகரத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் ஏற்றம். ஏறுவதற்குக் கால் பலம் வேண்டும்; இறங்குவதற்கு நிதானம் வேண்டும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும். விட்டுவிட்டுப் பிடித்து, இடையில் நின்று இறங்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் படிக்கட்டில் நடந்து, பெரிய நந்தியைப் பார்த்துத் திரும்புவதே சரி.

வீடும் நகரமும்

நெதர்லாந்திலும் 1970-களின் தொடக்கத்தில் கார்களே சாலைகளை ஆண்டன. விபத்துகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973-ன் எண்ணெய் நெருக்கடி அரசையும் யோசிக்க வைத்தது. அதன் பிறகே சைக்கிள் தடங்கள் பெருகின. இன்று அங்கே தொடக்கப் பள்ளியை முடிக்கும் வயதில் பிள்ளைகள் போக்குவரத்துத் தேர்வு எழுதி, சைக்கிள் ஓட்டியும் காட்டுகிறார்கள்.

மைசூருவுக்குத் தேவையானவையும் அரிய பொருள்கள் இல்லை. பள்ளித் தெருக்களில் வேகக் கட்டுப்பாடு, வெளிவட்டச் சாலையைக் கடக்கப் பாதுகாப்பான இடங்கள், ஆக்கிரமிப்பு இல்லாத சைக்கிள் தடம், பள்ளிகளில் கூரையோடு கூடிய ஸ்டாண்ட். பத்து வயதுப் பிள்ளை சைக்கிளில் தனியாகப் போய்ப் பால் பாக்கெட்டோடு பத்திரமாகத் திரும்பும் தெரு, முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் பாதுகாப்பான தெருவே. அந்தத் தெருவை அமைத்துத் தருவது மாநகராட்சியின் கடமை. அதில் பிள்ளையோடு இறங்கி ஓட்டுவது பெற்றோரின் கடமை.

(தொடரும்)