சைக்காலஜி எடுக்கலாமா? டெல்டா மாணவர்களுக்கு ஒரு விளக்கம்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வரும். கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிற அதே நாட்களில்தான் விதைநெல், உழவுக்கூலி என்று குறுவைக்குப் பணம் கரையும். அந்த நெருக்கடியில் "நான் சைக்காலஜி படிக்கிறேன்" என்றால், "அதப் படிச்சு என்ன வேலைக்குப் போவ?" என்று அப்பா கேட்கத்தான் செய்வார். நியாயமான கேள்வி. பதிலை இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது என்ன படிப்பு? பி.எஸ்சி. உளவியல் மூன்று வருடம். நீட் தேவையில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் எந்தக் குரூப் எடுத்தவரும் சேரலாம். மனிதர் எப்படிக் கவனிக்கிறார், மறக்கிறார், பயப்படுகிறார், கூட்டத்தில் எப்படி மாறுகிறார் என்பதைச் சோதித்துப் பார்க்கும் அறிவியல் இது. எதிரில் இருப்பவர் மனதில் ஓடுவதைக் கண்டுபிடிக்கும் வித்தை எந்த வருடத்திலும் சொல்லித்தரப்படாது.

மனதை எப்படிச் சோதிப்பது? ஆய்வகத்தில் உங்களுக்குத் தரப்படும் எளிய கருவிகளில் ஒன்று முல்லர்-லையர் பலகை. ஒரு கோட்டின் இரு முனைகளிலும் அம்புக்குறி உள்நோக்கி மடங்கியிருக்கும், இன்னொன்றில் வெளிநோக்கி விரிந்திருக்கும். நகரும் கோட்டை இழுத்து, இரண்டும் சமம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தும்படி சோதனைக்கு உட்காருபவரிடம் சொல்வீர்கள். பிறகு பலகையைத் திருப்பி, எத்தனை மில்லிமீட்டர் தவறியது என்று பார்த்து ரெக்கார்டு நோட்டில் குறிப்பீர்கள். இப்படிப் பல முறை செய்து சராசரி எடுக்க வேண்டும். ஆகவே கணக்கு வரும். புள்ளியியல் (எண்களைத் திரட்டி முடிவு காணும் முறை) இல்லாமல் இந்தப் படிப்பு இல்லை. கணக்குக்குப் பயந்து இங்கே வருகிறவர்கள்தான் முதல் வருடத்தில் தடுமாறுகிறார்கள்.

மூன்று வருடம் முடித்தால் டாக்டரா? இல்லை. இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன, அதனால் நிதானமாகப் படியுங்கள். சைக்யாட்ரிஸ்ட் (மருந்து எழுதித்தரும் மனநல மருத்துவர்) ஆக எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பும் படிக்க வேண்டும். அது வேறு பாதை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (நோயைக் கணித்து, பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருபவர்) ஆவதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். இதுவரை இருந்த வழி பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, எம்.ஃபில். இரண்டு, ஆக ஏழு வருடம். அந்த எம்.ஃபில். சேர்க்கைக்கு 2025-26 கல்வியாண்டு வரைதான் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நீட்டிப்பு தந்தது. அதன் இடத்துக்குப் புதிய படிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. நீங்கள் பி.எஸ்சி. முடிக்கும்போது விதி இன்னும் மாறியிருக்கலாம். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை கவுன்சிலின் இணையதளத்தைப் பாருங்கள். பெயருக்கு முன்னால் பட்டம் போட்டுத் தருவதாகச் சொல்லும் மூன்று மாதச் சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

அஞ்சல் வழியில் படித்தால் செலவு குறையுமே? அந்த வழி மூடிவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூர, ஆன்லைன் வழிகளில் நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை. இனி யாராவது சேர்க்கை நடக்கிறது என்றால் நம்ப வேண்டாம்.

பக்கத்தில் எங்கே படிக்கலாம்? திருவாரூரை அடுத்த நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் துறை இருக்கிறது. கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். சென்னை என்றால் அரசு நடத்தும் மாநிலக் கல்லூரி. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பஸ் செலவையும் புத்தகச் செலவையும் அது தாங்கும். விடுதிக் கட்டணத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

ஏழு வருடம் வீடு தாங்காதென்றால்? பி.எஸ்சி.யோடு நின்றாலும் வழி உண்டு. டி.என்.பி.எஸ்.சி.யின் பட்டதாரித் தேர்வுகள் எழுதலாம். இன்னும் இரண்டு வருடம் மட்டும் முடியுமென்றால் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இருக்கிறது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களிலும் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்கள்), மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகிலும் ஆலோசகர் பணியிடங்கள் உண்டு. அவை பெரும்பாலும் ஒப்பந்த வேலை என்பதையும், பலவற்றுக்கு முதுகலையும் கேட்பார்கள் என்பதையும் வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர் சமாளிக்க முடியுமா? பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். முதல் செமஸ்டர் கடினம்தான். ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் உங்கள் ஊர்ப் பேச்சில் ஓர் உதாரணம் எழுதிக்கொண்டே வாருங்கள். பின்னால் அது உங்கள் பலமாகும். வேதாரண்யத்திலிருந்து வரும் ஒரு அம்மா 'டிப்ரஷன்' என்று சொல்லமாட்டார். "நெஞ்சு அடைக்குது, சோறு எறங்கல, தூக்கமே இல்ல" என்பார். அதைச் சரியாகக் காதில் வாங்கத் தெரிந்தவர்தான் நமக்கு வேண்டும்.

இந்த வட்டாரத்தில் அப்படிப்பட்டவருக்கு வேலை இருக்கிறதா? நிறையவே இருக்கிறது. மனநிலை பாதித்தவரைக் காவிரிக்கரைக் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போய் ஒரு மண்டலம் தங்கவைப்பது இங்கே பழைய வழக்கம். 1990களின் பிற்பகுதியில், மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்தது திருச்சி மாவட்டத்துக்கு. 2004இல் நாகப்பட்டினத்தில் சுனாமி, 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை சாய்ந்த குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை மட்டும் போதவில்லை.

நான் மிகவும் மதிக்கும் வேலை ஒன்று காட்டுமன்னார்கோயில் பகுதியில் நடந்தது. சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக 1986இல் தொடங்கப்பட்ட ஸ்நேகா அமைப்பை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் உடன் பணியாற்றியவர்களும், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில் ஆளுக்கொரு பூட்டிய பெட்டியில் வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்தார்கள். ஆய்வு 2013இல் வெளியானது. தற்கொலைகள் குறைந்தன. உயிரை விடத் தூண்டும் வேகம் பெரும்பாலும் சிறிது நேரமே நிற்கும். கிடங்கு வரை நடக்கும் நேரத்தில் அது தணிய வழி கிடைக்கிறது. கிராமத்தையும் தெரிந்து, மனதையும் படித்தவருக்குத்தான் இப்படித் தோன்றும். (உங்களுக்கோ தெரிந்தவருக்கோ மனம் தாங்கவில்லை என்றால் 14416க்கு அழையுங்கள். இலவசம், தமிழில் பேசலாம்.)

கடைசியாக, சேருவதற்கு முன் கல்லூரிக்கு நேரில் போய் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவமனைக்கோ சிறப்புப் பள்ளிக்கோ களப்பயிற்சிக்கு அனுப்புகிறார்களா, எத்தனை நாள் என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். போன வருடம் முடித்த ஒருவரின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு, பணம் கட்டுவதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.