உப்புப் பாத்தியில் ஒரு சிரிப்புப் படம்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரும்போது பஸ் ஜன்னல் வழியே பாருங்கள். கட்டம் கட்டமாய் உப்புப் பாத்திகள்! அனிமேஷன் படிக்கிற பையன் கண்ணுக்கு அது அப்படியே 'ஸ்டோரிபோர்ட்'தான்.

அதென்ன? படம் எடுக்குமுன் கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து, பலகையில் வரிசையாகக் குத்தி வைப்பது. 1930களில் டிஸ்னி ஸ்டுடியோவில் பிறந்த பழக்கம். சிரிப்பு வரவில்லையா? பிடுங்கு, இடம் மாற்று. நஷ்டம் ஒரு காகிதம்தான்!

சரி, நாமும் ஒரு காமெடி வரையலாமா? 'உப்பு விற்கப் போனால் மழை பெய்யும்' என்று பழமொழியே கதை தருகிறதே! முதல் கட்டம்: தொழிலாளி உப்பைக் குவிக்கிறார். இரண்டு: தலைக்கு மேல் குட்டி மேகம். மூன்று: அவர் நிமிர்கிறார், மேகம் அப்பாவியாக வேறு பக்கம் பார்க்கிறது. நாலு: இருவரும் அசையவில்லை. இந்தச் 'சும்மா' கட்டம்தான் உயிர். புதுசாக வரைகிறவர்கள் முதலில் வெட்டுவதும் இதைத்தான். தண்ணீர் தேங்கி நின்றால்தானே உப்பு விளையும்? சிரிப்பும் அப்படித்தான்.

ஐந்தில் மழை கொட்டி உப்பு கரைந்தால்? மரக்காணத்தில் ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். ஒரு கோடை மழை என்றால் அங்கே பல நாள் உழைப்பு போச்சு! அதனால் ஐந்தைப் பிடுங்கி மாற்றுங்கள்: மேகம் ஒரு உப்புக்கல்லைத் திருடி நக்குகிறது. ஆறு: தாகம் தாங்காமல் கடலைப் பார்த்து ஓடுகிறது!

அசடு வழிந்தது மேகம். உப்பு பத்திரம்!